மேகத்தைக் கொறைச்சவ

எங்க வீட்ல மேகத்தைக் கொறைச்சது நான்தான். மரத்தைக் கொறைச்சதும் நான்தான், நிழலை எடுத்ததும் நான்தான். தண்ணில தெரியுற வானத்தைக்கூட விட்டு வைக்கல. அத்தனையும் செஞ்ச பிறகும் என் வீட்டுக்காரரு நாற்காலில சாய்ஞ்சுக்கிட்டு, "இன்னும் குதிக்குதும்மா"ன்னாரு. நாப்பத்திரண்டு பொம்பளைங்களோட உயிரு, அதுல என் கூடப்பொறந்த தங்கச்சி உயிரும் சேத்து, அந்தக் குதிப்புல மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவரு பொய் சொல்றாருங்கறது ஒண்ணுதான்.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். நான் ஒரு ஸ்டுடியோல வீடியோ எடிட் பண்றவ. கல்யாணம், பட்டமளிப்பு, கடை விளம்பரம், எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். அதுல ஒண்ணு காணாம போனாலும் என் கண்ணு கண்டுபிடிச்சிடும். மாப்பிள்ளை காலைல கட்டியிருந்த வாட்ச் சாயங்காலம் வேறயா இருக்குன்னு சொன்னவ நான். அதுல இருந்து ஸ்டுடியோ முதலாளி என்னை 'எக்ஸ்ரே'ன்னுதான் கூப்பிடுவாரு. வேலைக்கு நல்ல குணம். வீட்டுக்கு நல்ல குணமான்னு கேட்டா, என் வீட்டுக்காரரைத்தான் கேக்கணும். பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பாக்காம அடுப்புல வைக்க மாட்டேன். கடைக்காரன் சிரிச்சுப் பேசினா அன்னைக்கு எடையில என்னமோ இருக்குன்னு அர்த்தம். அது என் சுபாவம், மாத்திக்கவும் போறதில்ல.

அவரு பஸ் டிரைவர். துணி தைக்கிற தொழிற்சாலை ஒண்ணுக்கு ஆளுங்களைக் காலைல கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வர்ற பஸ். நாப்பத்திரண்டு பேரும் பொம்பளைங்க. என் தங்கச்சிக்கு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல முன் சீட்டு. வழியில ஆத்துப் பாலம் ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் முழங்கால் உசரத்துக்குத்தான் சுவரு. இருபத்திரண்டு வருஷமா அந்தப் பாலத்துல போய் வர்றாரு, ஒரு கோழிக்குஞ்சை இடிச்சதில்ல. பஸ்ஸை எங்க தெரு முனையில காலி இடத்துல நிறுத்திக்கக் கம்பெனியே அனுமதி குடுத்திருந்துச்சு. சாவியைக் கையில எடுத்துட்டா போனைத் தொட மாட்டாரு. நான் செத்தே போனாலும் சேதி சாயங்கால டிரிப் முடிஞ்ச பிறகுதான் அவருக்குப் போகும்னு நானே கிண்டல் பண்ணுவேன்.

காலை டிரிப் முடிஞ்சு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தா, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அவரு பைலட்டு. பொண்ணு வேலைக்குன்னு வெளியூர் போனதும் அவ ரூம் காலியாச்சு. ஸ்டுடியோல புது மெஷின் வாங்கினப்ப பழசை என்னை எடுத்துக்கச் சொன்னாங்க. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருத்தர் அதுல விமானம் ஓட்டுற விளையாட்டைப் போட்டுக் குடுத்தாரு. விளையாட்டுன்னு சொன்னா இவருக்குக் கோவம் வரும். ஸ்விட்ச், முள்ளு, சக்கரம்னு நிஜ விமானத்துல இருக்கிறது அத்தனையும் அதுல இருக்காம். இத்தனைக்கும் இவரு ஒரு தடவைகூட விமானத்துல ஏறினதில்ல. "ஏங்க, அப்படி என்ன இருக்கு அதுல?"ன்னு கேட்டேன். "வானத்துல எதிர்ல லாரி வராதுல்ல"ன்னாரு.

அந்த மானிட்டரோட இடது ஓரத்துல உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி ஒண்ணு ஒட்டி வச்சிருந்தாரு. பஸ்ல மாட்டுற மாதிரி. அதுல சமையல்கட்டு வாசலைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனா கண்ணாடி இல்லாம வண்டி எடுத்துப் பழக்கமில்லையாம். தினமும் துணியால அதைத் துடைப்பாரு, சட்டை போட்டுக்குவாரு, உக்காருவாரு, கண்ணாடியைப் பாத்து, "எல்லாரும் ஏறியாச்சா?"ன்னு கேப்பாரு. கொஞ்ச நேரம் காத்திருப்பாரு. அப்புறம்தான் விமானத்தை நகர்த்துவாரு. எப்பவும் பெரிய பயணிகள் விமானம்தான். சண்டை போடுற விமானம் எல்லாம் அதுல சும்மாவே கிடக்கும். "ஆளில்லாம எதுக்குடி ஓட்டணும்?"னு என்னையே கேப்பாரு. தெருவுல அவருக்கு 'பைலட்'டுன்னே பேரு வச்சிட்டாங்க. கூப்பிட்டா கூச்சப்பட்டுக்கிட்டே திரும்பிப் பாப்பாரு.

இப்படி ஒழுங்கா போய்க்கிட்டு இருந்தப்பதான் ஒரு நாள், "படம் குதிக்குது"ன்னாரு.

"குதிக்குதுன்னா?"

"ஓடுபாதை நேரா தெரியுது. அடுத்த நிமிஷம் பாத்தா பிளேன் சாய்ஞ்சு ஆத்துக்கு மேல போகுது. நடுவுல இருக்கிறதைக் காணோம்."

எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்துட்டுப் போனாரு. டீயைக் குடிச்சுக்கிட்டே மெஷினைத் தட்டிப் பாத்து, "கிராஃபிக்ஸ் கார்டு பழசாச்சும்மா, ரொம்ப நாள் தாங்காது"ன்னு விதை போட்டுட்டுப் போயிருந்தாரு. இப்போ இவரு குதிக்குதுங்கறாரு. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு எனக்குக் காது குத்துறாங்கன்னு முடிவு பண்ணிட்டேன்.

"புது கார்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நான் பாக்கறேன், எந்திரிங்க"ன்னு சொல்லிட்டு நானே உக்காந்தேன்.

எனக்கு இது புதுசு இல்ல. பழைய மெஷின்ல பெரிய வீடியோவை ஓட்டவிட்டு வேலை வாங்கினவ நான். முதல்ல பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த தூசியை ஊதித் தள்ளினேன். பின்னாடி தேவையில்லாம ஓடிக்கிட்டு இருந்ததை எல்லாம் மூடினேன். அப்புறம் செட்டிங்ஸ்ல போய் நிழலைக் கொறைச்சேன். நிழல்தான் மெஷினை ரொம்பப் போட்டு வதைக்கும். அடுத்தது மேகம். பஞ்சு பஞ்சா இருந்ததை மெல்லிசா ஆக்கினேன். தூரத்துல இருக்கிற மரமும் வீடும் பாதியாச்சு, தண்ணில தெரியுற வானமும் போச்சு. இன்னொரு வேலையும் பண்ணேன். செகண்டுக்கு இத்தனை படம்னு அதுல ஒரு கணக்கு இருக்கு. ஒரு நேரம் அறுபதுக்குப் போகும், ஒரு நேரம் முப்பத்தஞ்சுக்கு விழும். அந்த ஏத்த இறக்கம்தான் கண்ணுக்குக் குதிக்கிற மாதிரி தெரியும். அதனால முப்பதுலயே கட்டிப் போட்டேன். கொறைச்சலா இருந்தாலும் ஒரே சீரா ஓடும். அந்த நம்பர் திரையோட மூலையில எப்பவும் தெரியுற மாதிரியும் வச்சேன்.

"இப்போ ஓட்டிப் பாருங்க."

ஓட்டினாரு. வழுக்கிக்கிட்டு போச்சு. மூணு நாள் சத்தமில்ல. நாலாவது நாள், "குதிக்குதும்மா"ன்னாரு.

பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்தேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அந்த மூலையில இருந்த நம்பரையே பாத்தேன். முப்பது, முப்பது, முப்பது. விமானம் ஒரு பக்கமா சாய்ஞ்சு, மெதுவா கீழ இறங்கி, ஒரு வயக்காட்டுக்கு மேல போச்சு. திடீர்னு இவரு விமானத்தைத் திருப்புற ஜாய்ஸ்டிக்கை வெடுக்குன்னு இழுத்து, "இதோ! பாத்தியா? குதிச்சுது பாரு!"ன்னாரு.

எதுவும் குதிக்கல. என் கண்ணு முன்னாடி ஒரு படம்கூட விட்டுப் போகாம ஓடுச்சு. கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேருக்கு நடுவுல வாட்ச்சைக் கண்டுபிடிச்ச என்கிட்டயா?

"எங்கங்க குதிச்சுது? நீங்கதானே சாய்ச்சீங்க!"

"நான் எங்க சாய்ச்சேன்? நேரா போய்க்கிட்டு இருந்தேன்."

"யாருக்குப் பூ சுத்துறீங்க?"

அவரு மௌஸை எடுத்து மேகத்தை இன்னும் ஒரு படி கொறைச்சாரு. அன்னைக்கு நான் பண்ணின தப்பு என்னன்னு இப்போ நெனச்சாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. முக்காலியைப் போட்டு ஒரு முழம் தள்ளி உக்காந்திருந்தேன். திரையைப் பாத்தேன். அவரு மூஞ்சியைப் பாக்கல.

அதுக்கப்புறம் வீட்ல எல்லாமே சந்தேகம்தான். கூப்பிட்டா சில நேரம் பதில் இல்ல. டீயைக் கையில குடுத்தா வாங்கி வச்சுக்கிட்டு எங்கயோ பாப்பாரு, அப்புறம் திடீர்னு, "டீ எப்ப குடுத்த?"ம்பாரு. என்னங்க யோசனைன்னா, "நானா? ஒண்ணும் இல்லையே"ன்னு ஒரு முழி முழிப்பாரு. அந்த முழியை நான் திருட்டு முழின்னு எடுத்துக்கிட்டேன். போதாததுக்குச் சட்டைப் பொத்தான் வேற. மேல இருந்து ரெண்டாவது பொத்தான். ஒரே மாசத்துல மூணு சட்டைல அந்தப் பொத்தான் நூல்ல தொங்குச்சு. நான்தான் தைச்சேன். தைக்கத் தைக்க, இது எப்படி இந்த ஒரு பொத்தான் மட்டும், யாரு கை பட்டு இப்படி ஆகுதுன்னு மனசு எங்கெங்கயோ போச்சு. சொல்ல வெக்கமா இருக்கு, அந்தச் சட்டையை மோந்துகூடப் பாத்தேன். டீசல் வாசனைதான் வந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கெழமை தங்கச்சி எங்க வீட்டுக்கு வந்தா. வந்ததும் வராததுமா, "அக்கா, மாமாவை என்ன பண்ணி வச்சிருக்க?"ன்னு சிரிச்சா.

"ஏன்டி?"

"போன வாரம் ஒரு ஸ்டாப்பையே தாண்டிப் போய்ட்டாரு. அந்த ஸ்டாப் பொண்ணுங்க கத்தின பிறகுதான் பிரேக் போட்டாரு. நேத்து சிக்னல்ல பச்சை விழுந்து பின்னாடி வண்டியெல்லாம் ஹார்ன் அடிக்குது, மாமா பாட்டுக்கு உக்காந்திருக்காரு. மாமா யாரையோ நெனச்சுக்கிட்டு ஓட்டுறாருன்னு எங்க தையல் லைன்ல ஒரே கிண்டல்."

அவ சிரிச்சா. நானும் சிரிச்சு வச்சேன். யாரையோ நெனச்சுக்கிட்டா? யாரை? அப்போ மத்தியானம் பூரா ரூம்ல உக்காந்து விமானம் ஓட்டுறதெல்லாம் வேஷமா? காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு எவகிட்டயாவது பேசிக்கிட்டு இருக்காரா? பேச்சு மும்முரத்துல கையை விட்டுட்டு, விமானம் சாய்ஞ்ச பிறகு படம் குதிக்குதுன்னு மெஷின் மேல பழியா? எல்லாம் பொருந்தி வந்துச்சு. எனக்கு எல்லாமே அழகா பொருந்தி வந்தாதான் பயம் வரணும். அன்னைக்கு வரல, கோவம்தான் வந்துச்சு.

கையும் களவுமா பிடிக்கிறதுன்னு முடிவு பண்ணேன்.

ஸ்டுடியோல சும்மா கிடந்த சின்ன கேமரா ஒண்ணை எடுத்துட்டு வந்தேன். பொண்ணு ரூம் அலமாரி மேல பழைய புத்தகங்களுக்கு நடுவுல அதை வச்சு, அவரு மூஞ்சி தெரியுற மாதிரி திருப்பினேன். கம்ப்யூட்டர்லயும் திரையில ஓடுறது அத்தனையும் ரூம்ல கேக்கிற சத்தத்தோட தானா பதிவாகிற மாதிரி செஞ்சு வச்சேன். காலைல இதையெல்லாம் முடிச்சிட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி வேலைக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட வந்தப்ப அவரு முன் ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. "இன்னைக்கு எப்படிங்க, குதிச்சுதா?"ன்னு கேட்டேன். "ரெண்டு மூணு தடவை"ன்னாரு. மனசுக்குள்ள, இருங்க வர்றேன்னு சொல்லிக்கிட்டே கேமராவுல இருந்த மெமரி கார்டை உருவி, கம்ப்யூட்டர்ல இருந்ததையும் எடுத்துப் பையில போட்டேன்.

ஸ்டுடியோல அன்னைக்கு அவசர வேலை ஒண்ணு இருந்துச்சு. அதை முடிக்கவே நாலரை ஆயிடுச்சு. அப்புறம்தான் என் மேசையில இதை ரெண்டையும் போட்டேன். மேல திரை, கீழ மூஞ்சி. ரெண்டையும் சேக்கிறதுக்கு ஒரு சத்தம் வேணும். "எல்லாரும் ஏறியாச்சா?"ன்னு அவரு கேக்கிற சத்தத்தை வச்சு ரெண்டையும் ஒண்ணா சேத்தேன்.

காதுல ஒண்ணும் இல்ல. போன் மேசையிலேயே இல்ல. இருபது நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். ஒரு மனுஷன் ஒழுங்கா, ஒத்தையா, உதட்டைக் கடிச்சுக்கிட்டு விமானம் ஓட்டுறாரு. அவ்வளவுதான். எனக்கே கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு.

அப்புறம் அது வந்துச்சு.

மேல, விமானம் ஓடுபாதைக்கு நேரா இறங்கிக்கிட்டு இருக்கு. கீழ, அவரு மூஞ்சி திடீர்னு நின்னு போச்சு. நான்தான் தெரியாம நிறுத்திட்டேனோன்னு கையைப் பாத்தேன். இல்ல, ஓடிக்கிட்டுதான் இருக்கு. பின்னாடி ஜன்னல் திரை காத்துல அசையுது. கண்ணு தொறந்தபடி இருக்கு, ஆனா அதுல யாரும் இல்ல. வாயி லேசா மெல்லுது, வாயில எதுவும் இல்லாமலே. வலது கை ஜாய்ஸ்டிக்குல இருந்து தானா வழுக்கி மேல வருது. சட்டையில மேல இருந்து ரெண்டாவது பொத்தானைப் பிடிச்சுத் திருகுது. திருகிக்கிட்டே இருக்கு. மேல விமானம் மெதுவா சாயுது, ஓடுபாதையை விட்டு விலகுது, ஆத்துக்கு மேல போகுது. மூலையில முப்பது, முப்பது, முப்பது.

அப்புறம் அவரு கண்ணுக்குள்ள அவரு திரும்பி வந்தாரு. திடுக்கிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சாரு. "ச்சே, மறுபடியும் குதிச்சிடுச்சு"ன்னாரு. நிறுத்திட்டு, மௌஸை எடுத்து, செட்டிங்ஸ்ல போய், பொறுமையா மேகத்தை இன்னும் ஒரு படி கொறைச்சாரு.

நான் எண்ணிப் பாத்தேன். இருநூத்தி எழுபத்தஞ்சு படம். பதினோரு செகண்ட்.

மெஷின் ஒரு படத்தைக்கூட விடல. விட்டது இவருதான். அவரும் பொய் சொல்லல. அவருக்கு நிஜமாவே அது குதிச்சிருக்கு. அந்த மனுஷன் தன்கிட்ட இருக்கிற கோளாறுக்கு மரத்தையும் மேகத்தையும் கொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, நானும் கூட உக்காந்து கொறைச்சுக் குடுத்திருக்கேன். ஐயோ, பதினோரு செகண்டுல பஸ் எவ்வளவு தூரம் போகும்? அம்பதுல போனா நூத்தம்பது மீட்டர். பாலம் முழுசும் அவ்வளவுதான் இருக்கும்.

கடிகாரத்தைப் பாத்தேன். அஞ்சாக எட்டு நிமிஷம். போன் பண்ணேன். எடுக்கல. எப்படி எடுப்பாரு? சாவி கைக்கு வந்திருக்கும். அந்த ஒரு துண்டை மட்டும் என் போன்ல ஏத்திக்கிட்டு, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம செருப்பைக்கூடச் சரியா மாட்டாம ஓடினேன்.

நான் தெரு முனைக்குப் போறப்ப பஸ் இஞ்சின் உறுமிக்கிட்டு இருந்துச்சு. அவரு மேல உக்காந்து கண்ணாடியைத் திருப்பிச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாரு. நேரா போய் பஸ்ஸுக்கு முன்னாடி நின்னேன். மூச்சு வாங்குது, பேச்சு வரல. கையை மட்டும் ஆட்டினேன்.

அவரு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "என்னடி இது? தள்ளு, நேரமாச்சு"ன்னாரு.

"இறங்குங்க."

"ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்கடி."

"அதனாலதான் சொல்றேன். இஞ்சினை நிறுத்துங்க முதல்ல!"

நிறுத்தினாரு. நான் படியேறிப் போய், போனை அவரு கையில குடுத்தேன். பாத்தாரு. முதல்ல ரூம் தெரிஞ்சதும் முகம் மாறுச்சு.

"கேமரா வச்சியா? என் மேலயா?"

"ஆமா, வச்சேன். சந்தேகம் வந்துச்சு, வச்சேன். அதுக்கு அப்புறமா என்னை என்ன வேணா திட்டுங்க. இப்போ பாருங்க."

பாத்தாரு. பதினோரு செகண்ட். முடிஞ்சதும் என்னை நிமிந்து பாத்தாரு. இருபத்தஞ்சு வருஷத்துல அவரு என்னை அப்படிப் பாத்ததே இல்ல. நான் எல்லாரையும் பாக்கிற பார்வை அது.

"நீ வெட்டி ஒட்டுற வேலை செய்றவ"ன்னாரு. "நின்னு போன மாதிரி காட்டுறது உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எதுக்கு இது? என்னை வேலைக்கு அனுப்பாம வீட்ல உக்கார வைக்கணுமா? உன் தங்கச்சி ஏதாவது வத்தி வச்சாளா?"

நியாயம்தானே? ஊரையே சந்தேகப்பட்டவ நான். என்னை ஒருத்தர் சந்தேகப்படக் கூடாதா? "ஒரு வெட்டு இல்லைங்க. சத்தியமா ஒரு ஒட்டு இல்ல"ன்னு அழுதேன். அவரு நம்பல. சாவியைத் திருகக் கை போச்சு.

அப்போதான் அவரு சட்டை என் கண்ணுல பட்டுச்சு.

"பொத்தானைப் பாருங்க"ன்னேன்.

"என்ன?"

"உங்க சட்டையைப் பாருங்க. ரெண்டாவது பொத்தான். நேத்துதான் நாலு சுத்து சுத்தித் தைச்சுக் குடுத்தேன். அதையும் நான் எடிட் பண்ணிட்டேனா?"

குனிஞ்சு பாத்தாரு. பொத்தான் ஒத்தை நூல்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதை ரெண்டு விரலால மெதுவா பிடிச்சாரு. போன்ல மறுபடியும் அதைப் போட்டாரு. தன் விரலையே பாத்தாரு, அது பொத்தானைத் திருகுறதைப் பாத்தாரு. இன்னொரு தடவை போட்டாரு. சாவியில இருந்து கை தானா கீழ வந்துச்சு.

"அந்த ஸ்டாப்பு"ன்னாரு. "அந்த ஸ்டாப் எப்படித் தாண்டுச்சுன்னே எனக்குத் தெரியலடி. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

தன் போனை எடுத்தாரு. வண்டிகளைப் பாத்துக்கிற சூப்பர்வைசருக்குப் போட்டாரு. டிரைவர் சீட்டுல உக்காந்துக்கிட்டு அவரு போன் பேசி நான் பாத்தது அது ஒரு தடவைதான்.

"சார், நாந்தான். வேற டிரைவரை உடனே அனுப்புங்க. பொண்ணுங்களைக் காக்க வைக்காதீங்க."

அந்தப் பக்கம் என்னமோ கேட்டாங்க.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல சார். எனக்குத்தான்"னாரு.

இறங்கி வந்து, பஸ்ஸோட இடது கண்ணாடியை முழங்கையால துடைச்சாரு. வலதையும் துடைச்சாரு. நான் தெருவுல நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அவரு அழல. அதுதான் எனக்குத் தாங்கல.

மறுநாள் நாங்க போன டாக்டர் அந்த வீடியோத் துண்டை மூணு தடவை ஓட்டிப் பாத்தாரு. இதுவும் வலிப்புலயே ஒரு வகையாம். கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. கொஞ்ச நேரம் உடம்பு இருக்கும், ஆளு இருக்க மாட்டாரு. அவருக்கே அது தெரியாது, நடுவுல இருக்கிறது காணாம போகும். "யாரு எடுத்தது இது? ரொம்பத் தெளிவா இருக்கு"ன்னாரு டாக்டர். இவரு என்னைக் கை காட்டி, "எக்ஸ்ரே"ன்னாரு. டாக்டருக்குப் புரியல. மாத்திரை குடுத்தாரு. ஓட்டுறதைப் பத்திக் கேட்டதுக்கு, "நாப்பது பேரை வச்சு ஓட்டுற வண்டி இனிமே வேண்டாங்க"ன்னாரு. இவரு தலையை ஆட்டினாரு. வெளிய வந்து லைசென்ஸைப் பர்ஸ்ல இருந்து எடுத்து, ஒரு தடவை பாத்துட்டு என்கிட்ட குடுத்துட்டாரு.

கம்பெனில அவரை வேலையை விட்டு அனுப்பல. ஷெட்ல டயர் காத்து, பிரேக், கண்ணாடி எல்லாம் சரி பாக்குற வேலை. இப்போ அதே பஸ்லதான் போறாரு, தங்கச்சி பக்கத்துல உக்காந்துக்கிட்டு. புது டிரைவர் பாலத்துல கொஞ்சம் வேகமா போனா, மாமா வலது காலு கீழ பிரேக்கைத் தேடுது அக்கான்னு தங்கச்சி சொல்லுவா. சொல்லிட்டுச் சிரிக்க மாட்டா.

மூணு மாசம் அந்தக் கம்ப்யூட்டர் மேல துணி மூடிக் கெடந்துச்சு. நானும் பேச்செடுக்கல. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் அவரே துணியை எடுத்தாரு.

"இங்க வா. நீ கொறைச்சதை எல்லாம் திரும்பப் போட்டுரு."

உக்காந்து ஒண்ணொண்ணா ஏத்தினேன். மேகம், மரம், நிழல், தண்ணில தெரியுற வானம். முப்பதுல கட்டினதையும் அவுத்து விட்டேன். அந்தப் பழைய மெஷின் அத்தனையையும் இழுத்துக்கிட்டு நல்லாவே ஓடுச்சு. முதல்லயே அது தாங்கியிருக்கும். பாவம், அதையும் சந்தேகப்பட்டேன்.

விமானம் எடுக்கிற இடத்துக்கு வந்ததும் அவரு பெரிய பயணிகள் விமானங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் போனாரு. கடைசில ஒத்தை சீட்டு விமானம் ஒண்ணுல நின்னாரு. கண்ணாடியைத் துடைக்கல. ஒண்ணும் கேக்கல.

"ஏங்க, கேக்கலையா?"ன்னேன்.

"யாரைக் கேக்க?"

நான் போய் அந்த வட்டக் கண்ணாடியைத் துடைச்சேன். சமையல்கட்டைப் பாத்துக்கிட்டு இருந்ததை அவரு மூஞ்சி பக்கமா திருப்பினேன். முக்காலியை இழுத்து அவருக்குப் பின்னாடி, கண்ணாடியில அவரு கண்ணு தெரியுற இடமா பாத்துப் போட்டு உக்காந்தேன்.

"அதை விட்டுட்டு ரெண்டு சீட்டு இருக்கிறதா எடுங்க."

எடுத்தாரு. கை ஜாய்ஸ்டிக்குல இருக்கு. ஆனா நகர்த்தல. பேச்சும் இல்ல. கண்ணாடியில அவரு கண்ணு தொறந்தபடி நின்னுச்சு. பொத்தானைப் பாத்தேன். மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சிட்டேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

"ஏறியாச்சா?"ன்னாரு.

"ஏறியாச்சுங்க"ன்னேன்.